எஞ்சினுக்குக் கட்டிய சாக்கு

மழைக்கு முன்னால் மூடி வைக்க வேண்டிய பொருள் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது உப்பு ஒன்றுதான். புரட்டாசி முடியும்போது உப்பளத்தில் வேலை நின்றுவிடும். விற்காமல் மிஞ்சிய உப்பைக் குவித்து, தட்டிச் சரிசெய்து, மேலே கீற்று போட்டுக் கயிறு இழுத்துக் கட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். தை பிறக்கிற வரைக்கும் பாத்தியும் வரப்பும் தண்ணீருக்குள். மரக்காணத்தில் பிறந்தவர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு ஒன்பது வயதான வருஷம் எங்கள் அப்பாவிடம் ஒரு படகை மூடி வைக்கச் சொன்னார்கள்.

அது மீன் பிடிக்கிற படகு இல்லை, சவாரிப் படகு. வெள்ளை ஃபைபர் உடம்பு, நீலத் துணியில் ஒரு கூரை, ஆறு பேர் உட்கார மெத்தை வைத்த இருக்கைகள், பின்னால் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற எஞ்சின். ஈசிஆர் ரோட்டோரம் பங்களா கட்டியிருந்த சென்னைக்காரர் ஒருவருக்குச் சொந்தமானது. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அவர் வெறும் சார். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு காரில் வந்து இறங்குவார். அப்பா படகை முகத்துவாரத்திலிருந்து கழுவெளி ஏரிப் பக்கமாக ஓட்டிப்போய், ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார். மற்ற ஆறு நாளும் உப்பளம்.

படகு ஓட்ட அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் குப்பத்து மீனவர் ஒருவர். அவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன், சொந்தம் ஒன்றும் கிடையாது. அளத்துக்காரன் எஞ்சின் பிடிக்கிறானா என்று குப்பத்தில் எல்லோரும் சிரித்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை என்று அப்பா சொல்லுவார். கரையில் நின்று பார்த்திருந்தால் அவரும் சிரித்திருப்பார் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. சார் கொடுத்த பழைய கூலிங்கிளாஸைப் போட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு கையில் எஞ்சின் பிடியோடு அப்பா உட்கார்ந்திருப்பதைக் கரையிலிருந்து பார்க்கும்போது, யாரோ ஒரு மந்திரி போகிறார் என்றுதான் தோன்றும். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அந்தக் கூலிங்கிளாஸ் அழகுக்கு மாத்திரம் போட்டதில்லை. அப்பாவின் இரண்டு கண்ணிலும் சதை வளர்ந்துகொண்டிருந்தது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயிலைப் பதினைந்து வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கண்கள் அவை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒருமுறை வெட்டி எடுத்தார்கள், திரும்ப வளர்ந்துவிட்டது. உப்பளத்தை விட்டால் கண் தப்பும், விடாவிட்டால் தப்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விட்டுவிட்டு என்ன செய்வது என்று டாக்டர் சொல்லவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

அதைச் சொன்னவர் சார்தான். அந்த வருஷத்தின் கடைசிச் சவாரி முடிந்து, மழைக்காக வானம் ஒரு பக்கம் கறுத்திருந்த ஞாயிற்றுக்கிழமையில், படகுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அப்பாவிடம் பேசினார். அம்மாவும் நானும் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தோம்.

"ஏம்பா, பொங்கலுக்கு அப்புறம் பூநாரை வரும். சொந்தக்காரங்களையெல்லாம் கூட்டிட்டு வர்றேன். போட் ரெடியா இருக்கணும். மழை முடியிற வரைக்கும் நீ இதைப் பத்திரமா வச்சிருந்து காட்டு. அதுக்கப்புறம் பங்களாவுக்கு வாட்ச்மேன், தோட்டம், போட் எல்லாம் நீயே பாத்துக்க. உப்பளம் வேணாம்."

அப்பா தலையைத் தலையை ஆட்டினார். சார் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். படகைக் கவிழ்த்து வைக்கணும். எஞ்சினை நல்ல தண்ணியில் ஓடவிட்டுக் கழுவணும். பெட்ரோலை வடிக்கணும். பிளக்கைக் கழற்றி உள்ளே ஆயில் விடணும். எலி, பூச்சி போகாமல் மூடி, மேடான, மழை ஒழுகாத இடத்தில் வைக்கணும்.

"முக்கியமா, உப்புக்காத்து படக்கூடாது. பட்டா எஞ்சின் காலி."

மரக்காணத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதர் இதைச் சொன்னார். அப்பாவும் அதற்குச் சரிங்க சார் என்றார்.

அடுத்த நாளே வேலை ஆரம்பமாகிவிட்டது. படகைக் கவிழ்த்து, சவுக்குக் கட்டைகள் மேல் ஏற்றி, பங்களாவுக்குப் பின்னால் கட்டினார்கள். பெரியப்பா நாலு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முன்பே கழற்றி வைத்திருந்த எஞ்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார் அப்பா. அதை ஒரு மரச்சட்டத்தில் நிற்க வைத்து, அடியில் பிளாஸ்டிக் டிரம் வைத்து, அதில் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அம்மா குடிப்பதற்குப் பிடித்து வைத்திருந்த குடங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து டிரம்மில் கவிழ்த்தாள். "குடிக்க?" என்று கேட்டேன். "ஒரு நாள் பொறுத்துக்க, உங்கப்பா கண்ணுக்கு" என்றாள். எஞ்சினுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அது டிரம்முக்குள் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு உறுமியபோது தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். என்னைவிடப் பெரிய ஆள் அன்று அந்தத் தெருவில் யாரும் இல்லை.

எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு நாள் போயிற்று. பெரியப்பா தன் வீட்டில் வைக்கச் சொன்னார்.

"எங்க எஞ்சினெல்லாம் உள்ளதான் தொங்குது. அதுங்களோட இதுவும் கெடக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார். வீட்டில் அம்மாவிடம், "கடலு தணிஞ்சா மாட்டிக்கினு போயிடுவாங்கமே. ஓசி எஞ்சின். யாரு சும்மா வைப்பா?" என்றார். பெரியப்பா அப்படிச் செய்கிறவர் இல்லை. ஆனால் அந்த எஞ்சினை இன்னொருவர் கூரைக்கடியில் விட்டுவிட்டுத் தூங்க அப்பாவால் முடியாது. எங்கள் வீட்டிலோ ஐப்பசியில் அண்டா, குண்டான், சொம்பு என்று எல்லாவற்றையும் ஒழுகுகிற இடத்தில் வைத்துவிட்டு மிச்ச இடத்தில் நாங்கள் படுப்போம். பங்களாவின் சாவியைச் சார் இன்னும் கொடுக்கவில்லை.

உப்பு குடோன் என்று சொன்னது அப்பாவா அம்மாவா என்பது எனக்கு நினைவில்லை. யார் சொல்லியிருந்தாலும் மற்றவரும் அதையேதான் நினைத்திருப்பார். அளத்துக்காரர்களுக்கு அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது. ஊரிலேயே மேடான இடம், தடித்த சுவர், சிமெண்ட் ஷீட் போட்ட கூரை. ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் அளத்து மேஸ்திரி எல்லோரையும் தொலைத்துவிடுவார். மூட்டை மூட்டையாக உப்பு அடுக்கியிருக்க, நாலு பக்கமும் அடைத்து, ஜன்னல்கூட இல்லாமல் இருக்கும். வெளியே எப்பேர்ப்பட்ட காற்று அடித்தாலும் உள்ளே வைத்த விளக்கு ஆடாது.

"காத்தே பூராது. அப்புறம் எங்கேருந்து உப்புக்காத்து?" என்றார் அப்பா. அம்மாவும் ஆமாம் என்றாள். மேஸ்திரியிடம் கேட்டு மூலையில் ஓரிடம் வாங்கினார்கள்.

இதைக் கேட்கிற வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உப்பை எங்களைவிட யாருக்குத் தெரியும்? கார்த்திகை மாசத்தில் அடுக்களை ஜாடியில் உப்பு தண்ணீர் விட்டுக்கொண்டு கிடப்பதைப் பார்க்காதவர்களா நாங்கள்? ஆனால் எங்களுக்கு உப்பு ஒரு அழுக்கு இல்லை. கையில், காலில், துணியில், தலையில் இருப்பது. இருக்கிறது என்று கவனத்துக்கே வராது. உப்பு படாத இடம் எது என்று கேட்டால் மழையும் காற்றும் படாத இடத்தைத்தான் நாங்கள் காட்டுவோம்.

மூடுகிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கிட்டத்தில் பார்க்கிற வேலை சரிப்படாது, நூல் கோக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அம்மா குடோனில் கழித்துப் போட்ட கோணிச் சாக்குகளில் ஓட்டையில்லாதவையாகப் பார்த்துப் பொறுக்கி வந்தாள். அவற்றை அளத்துக் கால்வாயில் முக்கி, கல்லில் அடித்து, திரும்ப முக்கி அலசினாள். நல்ல தண்ணீரெல்லாம் எஞ்சினுக்குப் போய்விட்டதே. வரப்பில் விரித்துக் காயப்போட்டு, காய்ந்ததும் முகர்ந்து பார்த்தாள். மொடமொடவென்று, அடுப்பிலிருந்து எடுத்த அப்பளம்போல் இருந்தன.

"எவ்ளோ சுத்தமா இருக்குது பாரு" என்று என் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள்.

எஞ்சின் மேல்மூடியை அப்பா கழற்றிக் கொடுத்தார். பிளக்கை எடுத்த இடத்தில் இரண்டு பொந்துகள் இருந்தன. ஆயில் விட்டிருந்தார்தான், ஆனாலும் கரப்பான் போய் முட்டையிட்டால் என்ன செய்வது என்று அம்மாவுக்குக் கவலை. சாக்கில் பட்டையாகக் கிழித்து, திரித்து, அந்தப் பொந்துகளுக்குள் விரலால் அழுத்தி அழுத்தி அடைத்தாள். இடுக்கு இடுக்காகத் திணித்தாள். அப்புறம் முழுச் சாக்குகளை மடித்துச் சுற்றி, கோணி ஊசியால் தைத்து, சணல் போட்டு இறுக்கினாள். முடிச்சுப் போடும்போது என் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னாள். பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றி வைத்தது மாதிரி இருந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "வேலைன்னா இது வேலை" என்றார். அம்மாவை அப்பா பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருஷ மழையை நான் மறக்கமாட்டேன். வீட்டில் ஒன்றும் இருக்காது. ரேஷன் அரிசிக் கஞ்சிதான். வழக்கமாக அந்த மாதங்களில் அப்பா யாரோடும் பேசமாட்டார். அந்த வருஷம் பேசிக்கொண்டே இருந்தார். பங்களா தோட்டத்தில் எங்கே முருங்கை வைக்கலாம், எங்கே கனகாம்பரம் வைக்கலாம் என்று அம்மாவிடம் கேட்பார். சார் வீட்டுப் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குப் பாடம் நடக்கும். நடுவில் மழை விட்ட ஒரு நாள் குடோனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சாக்கு கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது, குடோனே வேர்த்துக் கிடக்கிறது என்றார் அப்பா. உப்பு வேர்ப்பது புதிதா என்ன? அம்மா மறுநாள் போய் மேலே இன்னும் இரண்டு சாக்கு சுற்றிவிட்டு வந்தாள்.

பொங்கல் முடிந்து தண்ணீர் வடிந்ததும் சார் வந்தார். கூடவே புதுச்சேரியிலிருந்து ஒரு மெக்கானிக்கையும் அழைத்து வந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் பொங்கலுக்கு எடுத்த துணியை உடுத்திக்கொண்டு குடோனுக்குப் போனோம். அப்பா மூட்டையை வாசலுக்கு வெளியே வெயிலில் கொண்டுவந்து வைத்தார். மெக்கானிக் கத்தியால் சணலை அறுத்தான். அம்மா போட்ட தையல் பிரியாமல் சாக்குதான் கிழிந்து வந்தது.

உள்ளே எஞ்சின் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. மெக்கானிக் ஸ்குரூ டிரைவரால் ஓரிடத்தில் சுரண்டினான். பிஸ்கட்டைப் பிட்டதுபோல் ஒரு துண்டு உதிர்ந்தது. பொந்துகளில் அடைத்திருந்த சாக்குப் பட்டையைக் குறடால் பிடித்து இழுத்தான். துருவேறிச் சிவந்த சகதியோடு அது வந்தது. ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்தான். காலை ஊன்றிக்கொண்டு இழுத்தும் அசையவில்லை.

"பிஸ்டன் ஜாம் ஆயிடுச்சு சார். உப்புச் சாக்கை உள்ளயே திணிச்சிருக்காங்க. உப்பு பூராத்தையும் தின்னுட்டுது. இத ஒண்ணும் பண்ண முடியாது."

சார் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு விஷயம் புரிந்திருக்கும். அவர் குனிந்து, கிழிந்து கிடந்த சாக்கை எடுத்து, அதிலிருந்த தையலைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார்.

"அடேயப்பா. யாருப்பா இவ்ளோ அழகா கட்டி வச்சது?"

அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன். அதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

"நான்தாங்க சார்."

சார் தையலைத் திரும்பப் பார்த்தார், அப்பாவின் கண்களைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். அதை இன்றைக்கும் சொல்லுவேன்.

"உன் வீட்டுக்காரம்மா கட்னாங்களா? லேடீஸ், தெரியாம செஞ்சிருப்பாங்க. அப்பிடின்னா சொல்லு. பரவால்ல, வேற எஞ்சின் பாத்துக்கலாம்."

"இல்லைங்க சார். நானேதான் கட்னேன். உள்ள அடைச்சதும் நான்தான். வீட்ல இருக்கிறவங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

அப்பா இன்னொரு வார்த்தை சொல்வாரென்று சார் காத்திருந்தார் போலிருக்கிறது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அவ்ளோ சொல்லியும் நீயே பண்ணியிருந்தா, உன்ன நம்பி நான் எதப்பா விட்டுட்டுப் போறது?" என்றார் சார். சாக்கைக் கீழே போட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். அந்த வெள்ளைப் பொடி கையில் ஒட்டியிருந்தது. மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டது.

அடுத்த வாரம் பங்களாவுக்கு வேறு ஊரிலிருந்து ஒரு வாட்ச்மேன் வந்தான். படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த வாரம் பாத்தி சரிசெய்ய ஆள் கூப்பிட்டார் மேஸ்திரி. அப்பாவும் அம்மாவும் வழக்கம்போல் விடியும்போது கிளம்பிப் போனார்கள்.

அப்பாவுக்கு இப்போது எதுவும் தெரிவதில்லை. பகலில் வெளிச்சம் ஒரு மஞ்சளாக அசையும் என்கிறார். அம்மா அவருக்குச் சோற்றைப் பிசைந்து கையில் கொடுக்கிறாள். என்னைக் கிளியனூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து மாதம் ஒரு முறை போய் இருவரையும் பார்த்துவிட்டு வருவேன். சாக்கைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாதான் கட்டினாள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அப்பாவுக்கு அந்த வேலை கிடைத்திருக்கும், ஒருவேளை கண்ணும் இருந்திருக்கும். அது அவருக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் தினமும் சோறு பிசைகிறாள். இதற்கு மேல் இதில் ஆறுதலாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. பட்டணத்துப் பெரிய மனிதர் ஒருவர், இவ்வளவு அழகாக யார் கட்டியது என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கட்டியது அம்மா, முடிச்சுக்கு விரல் வைத்தது நான். அப்பா கொஞ்சம்கூடக் கூசாமல் நான்தான் என்று சொல்லிவிட்டார். அதோடு விடாமல், வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று வேறு சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கார் போனபிறகு அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, "நீதானம்மா கட்ன? அப்பா ஏன் அவரு கட்னாருன்னு சொல்றாரு?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு வரச் சொன்னாள். அப்பா காதில் விழுந்துவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தாள். செய்த வேலையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூட அப்பாவிடம் இவ்வளவு பயமா என்று எனக்கு வெறுத்துப் போயிற்று.

வீட்டுக்குப் போகும் வழி உப்பளத்துக்கு நடுவே வரப்பு மேல் போகிறது. எதிர் வெயில். அப்படி வெயில் கண்ணில் அடிக்கும்போது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அன்றும் கையை நீட்டினார். நான் கொடுக்காமல் முன்னால் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது அவர் வரப்பைக் காலால் தடவித் தடவி வந்துகொண்டிருந்தார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் பேரைத் தட்டிப் பறித்த ஆளையே கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறாளே என்று, அப்பாவைவிட அம்மா மேல்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.